மேப்பிள் மரத்துக்குக் கீழே எதை நடுவது: ட்ரில்லியமா, ட்ரௌட் லில்லியா, பகோடாவா?

"அண்ணை, மரத்துக்குக் கீழ புல்லுப் பிடிக்குதில்லை. ரூஜ் பூங்காப் பக்கம் மே மாதத்தில வெள்ளை வெளேரெண்டு பூத்துக் கிடக்குமே, அந்தப் பூவிலை நாலு கண்டு கிளப்பிக்கொண்டு வந்து வைப்பமோ?"

வசந்தம் பிறந்தால் கனடாவின் ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கம் நகரிலிருந்தும் இந்தக் கேள்வி எனக்கு எப்படியும் வந்துவிடும். பின்வளவில் ஒரு பெரிய மேப்பிள் நிற்கும். அதன் கீழே வெறும் மண். தோட்டக்கடைக்குப் போனால் 'நிழலில் வளரும் லில்லி' என்று மூன்று நான்கு வகை அடுக்கியிருப்பார்கள். ஒன்று சாடியில், ஒன்று காய்ந்த கிழங்காகப் பையில், ஒன்று மலிவாகத் தட்டு தட்டாக. எதை வாங்குவதென்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்காகத்தான் ட்ரில்லியம், ட்ரௌட் லில்லி, பகோடா என்ற ஒட்டினம், லில்லி ஒஃப் த வாலி என்ற நான்கு செடிகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

கிளப்பிக்கொண்டு வரும் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பூங்காவிலிருந்து செடி தோண்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. அந்த வெள்ளைப் பூதான் ட்ரில்லியம். அதன் வயது பெரும்பாலும் பத்துக்கு மேல். மண்வெட்டி பட்ட கிழங்கு புது இடத்தில் நிலைப்பது கடினம். காட்டில் ஒரு செடி குறையும், உங்கள் வளவிலும் எதுவும் கூடியிருக்காது.

எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி பூவைப் பற்றியதல்ல, தலைக்கு மேலே நிற்கும் மரத்தைப் பற்றியது.

இந்தச் செடிகள் நிழல் விரும்பிகள் என்று கடைச் சீட்டில் எழுதியிருக்கும். அது பாதி உண்மைதான். ஒன்ராறியோக் காட்டில் பனி கரைவதற்கும் மரங்கள் இலை விரிப்பதற்கும் இடையில், ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை, வெயில் தடையில்லாமல் தரைக்கு இறங்கும். அந்த ஐந்தாறு வாரத்துக்குள் இலை விட்டு, பூத்து, அடுத்த வருடத்துக்கான உணவையும் பெரும்பகுதி சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் இவற்றின் வாழ்க்கைமுறை. ஆகவே இவற்றுக்கு வேண்டியது கோடை நிழலும் வசந்த வெயிலும். வருடம் முழுவதும் இருட்டாக இருக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தடியில் எதையும் நடாதீர்கள்.

மேப்பிள் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. சர்க்கரை மேப்பிளும் ஓக்கும் இவற்றின் பிறந்த வீடு. ஆனால் ரொறன்ரோத் தெருக்களில் நிற்பவற்றில் நிறைய, ஐரோப்பாவிலிருந்து வந்த நோர்வே மேப்பிள். அதன் இலைக்கூரை மிக அடர்த்தி. வேர்கள் மேல்மண்ணில் பாய் பின்னியதுபோல் பரந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். எது என்று அறிய ஒரு சோதனை போதும். கோடையில் ஓர் இலையின் காம்பை முறித்துப் பாருங்கள். பலா இலைக் காம்பை முறித்தால் வடிவதுபோல் வெள்ளைப் பால் வந்தால் அது நோர்வே மேப்பிள். பால் வந்தால் உங்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டாவது, அந்த வீட்டில் எத்தனை வருடம் இருக்கப் போகிறீர்கள். இந்தக் காட்டுச் செடிகள் வருடக் கணக்கில் பேசுபவை. வாடகை வீட்டுக்கு ஒரு விடை, கடன் கட்டி முடித்த வீட்டுக்கு வேறொரு விடை.

மூன்றாவது மண். இங்கே ஊர்ப் பழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மண்புழுவை உழவனின் நண்பன் என்று பள்ளியில் படித்து வந்தோம். வயலுக்கு அது சரி. ஆனால் இந்தப் பகுதியை 10,000 ஆண்டுகளுக்கும் முன்பு பனிப்பாளம் மூடியிருந்தது. அது விலகிய பிறகு இங்குள்ள காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. இன்று தோண்டினால் நெளிகிற புழுக்கள் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவை. காட்டுத் தரையில் ஆண்டுக் கணக்கில் மெத்தைபோல் கிடக்க வேண்டிய சருகை அவை ஒரு பருவத்தில் தின்று தீர்த்துவிடுகின்றன. சருகு போனால் ட்ரில்லியத்தின் முளைகளுக்கு ஈரமும் இல்லை, மறைவும் இல்லை. ஆகவே காட்டுச் செடிக்கென்று புழு வாங்கி விடாதீர்கள். விழுந்த மேப்பிள் இலையை ஒக்டோபரில் வாரிப் பையில் கட்டித் தெருவோரம் வைக்காமல், மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள். அதுதான் பசளை.

மான், முயல், சிறு பிள்ளைகள், நாய் பூனை யார் யார் அந்த இடத்துக்கு வருகிறார்கள் என்பதும், செடி எங்கே பிறந்தது என்பதும் மீதி இரண்டு. கடைசியதைப் பற்றி ட்ரில்லியத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான்.

வெள்ளை ட்ரில்லியம்

1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ இது. அரசுக் கடிதங்களின் மூலையில் இருக்கிற மூவிதழ்ச் சின்னம் இதுதான். எல்லாமே மும்மூன்று: மூன்று இலை, மூன்று பச்சைப் புல்லிதழ், மூன்று வெள்ளை இதழ். மகரந்தத் தாள் மட்டும் அதன் இரட்டிப்பு, ஆறு. ஒரு முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடும். ரொறன்ரோவில் மே முதல் பாதியில் விரியும். வெள்ளையாகத் திறந்த இதழ், நாள் ஆக ஆக ரோஸ் நிறத்துக்கு மாறும். அது நோயல்ல, முதுமை. ஆனால் வாங்கும்போதே இதழில் பச்சைக் கோடு ஓடியிருந்தால் தொடாதீர்கள். பார்க்க அழகாக, அபூர்வ வகைபோல் இருக்கும். அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் தொற்றிய செடி. வருடா வருடம் நலிந்துகொண்டே போகும்.

இதன் பலமும் விலையும் ஒன்றேதான்: அவசரப்படாமை. ஜூலையில் பழுக்கும் காயிலிருந்து விழுந்த விதை, முதல் பனிக்காலம் கழிந்து வேரை மட்டும் விடும். மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாம் பனிக்காலம் கழிந்துதான் ஒற்றை இலை எட்டிப் பார்க்கும். பிறகு சில வருடம் ஒற்றை இலையாகவே நிற்கும், அப்புறம் மூன்று இலை, அதற்கும் பின் பூ. மொத்தம் ஏழிலிருந்து பத்து வருடம். ஒருமுறை நிலைத்துவிட்டால் பல பத்தாண்டுகள் வாழும். மண்ணுக்கடியில் இஞ்சிபோல் படுத்திருக்கும் கிழங்கில் வருடத்துக்கொரு தழும்பு விழும். அதை எண்ணி வயது சொல்வார்கள்.

விதையின் முனையில் வெண்ணிறமான ஒரு சதைத் துண்டு ஒட்டியிருக்கும், எண்ணெய்ப் பசையோடு. எறும்புக்கு அது விருந்து. ஒரு ஜூலை மாலை, வெடித்த காய் ஒன்றின் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் ஓர் எறும்பு வந்து, தன்னைவிடப் பருத்த விதையை வாயில் கவ்விப் பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு பழைய மரக்கட்டைக்கு அடியில் போனது. சதையைத் தின்றுவிட்டு விதையைக் கூட்டின் குப்பையில் போட்டுவிடும். அந்தக் குப்பைமேடுதான் நாற்றுமேடை. மரக்கட்டை, சருகு, கல் எதுவுமில்லாமல் துடைத்து வைத்த வளவில் எறும்பு இல்லை. எறும்பு இல்லாவிட்டால் நட்ட செடி நிற்கும், ஆனால் பெருகாது.

மறைந்த செலவு எங்கே என்றால், கடைச் சீட்டில். பத்து வருடம் வளர்த்து விற்பவனுக்குக் கட்டாது. அதனால் சந்தையில் வருபவற்றில் காட்டில் தோண்டியவையும் கலந்திருக்கும். 'நாற்றங்காலில் வளர்ந்தது' என்று எழுதியிருப்பது போதாது. காட்டில் பிடுங்கி ஒரு வருடம் சாடியில் வைத்திருந்தாலும் அப்படி எழுதலாம். 'நாற்றங்காலில் விதையிலிருந்து பெருக்கியது' என்று சொல்கிறார்களா என்று கேளுங்கள். நான் முதலில் வாங்கிய இரண்டு சாடியிலும் கேட்கவில்லை. விலை மலிவு, பூவும் பெரிது. முதல் மே மாதம் பூத்தது. இரண்டாம் மே மாதம் இலை மட்டும் வந்தது. மூன்றாம் வருடம் தோண்டிப் பார்த்தபோது கிழங்கில் பழைய வெட்டுக்காயம் கறுத்து அழுகியிருந்தது. இப்போது உள்ளூர்ச் செடிச் சங்கங்கள் வசந்தத்தில் நடத்தும் விற்பனையில்தான் வாங்குகிறேன். சிறிய செடி, பூக்காத செடி, விலையும் கூட. ஆனால் நிற்கிறது.

இன்னொன்று மான். வெள்ளைவால் மானுக்கு இது மிகப் பிடித்த தீனி. இலையும் பூவும் ஒரே தண்டின் நுனியில் இருப்பதால் ஒரு கடியில் அந்த வருடச் சமையல் முழுவதும் போய்விடும். மனிதர் பூவோடு இலையையும் சேர்த்துப் பறித்தாலும் அதே கதிதான். ட்ரில்லியம் பறித்தால் சிறை என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. பொதுவாக அப்படி ஒரு சட்டம் இல்லை. பூங்காக்களிலும் பாதுகாப்பு நிலங்களிலும்தான் தடை. தலைகவிழ்ந்து பூக்கும் ஒரு வகை ட்ரில்லியம் மட்டும் ஒன்ராறியோவில் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், இலையோடு பறிபட்ட செடி மறுபடி பூக்கப் பல வருடம் எடுக்கும், சிலது எழும்பவே எழும்பாது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

மஞ்சள் ட்ரௌட் லில்லி

பச்சை இலையில் பழுப்புத் திட்டுத் திட்டாக, ஆற்று ட்ரௌட் மீனின் முதுகுபோல் இருப்பதால் இந்தப் பெயர். நான்கில் மிகச் சிறியது, ஒரு சாண் உயரம். ஏப்ரல் கடைசியில் ஒற்றைத் தண்டில் ஒற்றை மஞ்சள் பூ, தலை குனிந்து. ஆறு இதழும் பின்னோக்கி வளைந்திருக்கும். முதன்முறை பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது நம்முடைய கார்த்திகைப் பூ. செங்காந்தளின் இதழ் வளைவதுபோலவே. உறவும் இருக்கத்தான் செய்கிறது. காந்தளும் ட்ரில்லியமும் ட்ரௌட் லில்லியும் தாவரவியலில் லில்லிகளின் ஒரே வரிசையில் வெவ்வேறு குடும்பங்கள். அவற்றுள் அசல் லில்லிக் குடும்பத்தில் இருப்பது இந்த ட்ரௌட் லில்லிதான்.

வெயில் வந்தால்தான் பூ திறக்கும், இரவில் மூடிக்கொள்ளும். காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் பூவிலேயே ஒன்றின் மகரந்தப் பை மஞ்சளாகவும் மற்றதில் செங்கல் நிறமாகவும் இருக்கும். இந்தப் பூவின் மகரந்தத்தை நம்பியே வாழும் ஒரு மண்தோண்டித் தேனீ இனமும் உண்டு. பூ இருக்கும் சில வாரம்தான் அதன் பறக்கும் காலம்.

இது பெருகும் விதம் வேறு. மண்ணுக்கடியில் வெள்ளை நூல்போன்ற தண்டுகளை ஓடவிட்டு, அவற்றின் நுனியில் புதுக் கிழங்கு வைக்கும். இளம் கிழங்கு வருடா வருடம் இன்னும் ஆழத்துக்கு இறங்கும். இப்படிப் பரந்த கூட்டங்கள் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் இருப்பவை. ஆனால் ஆயிரம் இலை இருக்கும் கூட்டத்தில் பூவைத் தேட வேண்டியிருக்கும். ஒற்றை இலைச் செடி பூக்காது, இரட்டை இலை விட்டால்தான் பூ. கூட்டத்தில் மிகப் பெரும்பாலானவை ஒற்றை இலைதான். நட்டுவிட்டு 'ஏன் பூக்கவில்லை' என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் இதுவே பதில். கிழங்கு போதிய ஆழத்துக்குப் போகும்வரை அது கீழே இறங்குவதிலேயே தன் சேமிப்பைச் செலவழிக்கும். ஆழத்தில் ஒரு தட்டைக் கல்லை வைத்துச் சிலர் தடுத்துப் பார்க்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் ஹப்பார்ட் புரூக் காட்டில் ஆய்வு செய்தவர்கள் 1976இல் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். பனி கரைந்து ஓடும் வாரங்களில், மரங்கள் விழிக்குமுன், ட்ரௌட் லில்லி நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் இழுத்துத் தன் இலையில் பிடித்து வைக்கிறது. ஜூனில் அது அழுகும்போது மரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வசந்தத்துக்கு மட்டும் கட்டும் ஓர் அணை என்று அதைச் சொன்னார்கள். பிந்திய ஆய்வுகள் எல்லாக் காட்டிலும் அப்படித்தானா என்று கேள்வி எழுப்பின. என்றாலும் ஒரு சாண் செடியை வெறும் அலங்காரமாகப் பார்க்க எனக்கு அதன்பின் முடியவில்லை.

இதன் மறைந்த செலவு, ஜூன் மாதம். இலை முழுவதும் மஞ்சளாகி மறைந்துவிடும். கோடை முழுக்க அங்கே ஒன்றுமில்லை. பன்னம் எதையாவது சேர்த்து நடாவிட்டால், மறந்துபோய் நீங்களே மண்வெட்டியால் வெட்டிவிடுவீர்கள்.

பகோடா

கடையில் இலையுதிர் காலத்தில் பையில் தொங்கும் கிழங்கு இது. ட்ரௌட் லில்லியின் கலிபோர்னிய உறவுகளைக் கலந்து உண்டாக்கிய ஒட்டினம். ஒரு தண்டில் மூன்று நான்கு மஞ்சள் பூ தொங்கும், உயரமும் இரட்டிப்பு. ஒக்டோபரில் நட்டால் அடுத்த மே மாதமே பூக்கும். ரொறன்ரோக் குளிரைத் தாங்கும். நோர்வே மேப்பிளின் விளிம்பில்கூட ஓரளவு சமாளிக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இது வெங்காயம்போல் உலர்ந்து கிடக்கக்கூடிய கிழங்கல்ல. பையில் மரத்தூளோடு சற்று ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருந்தால் வாங்குங்கள், தக்கைபோல் அமுங்கினால் விட்டுவிடுங்கள். வாங்கிய அன்றே நடுங்கள். உள்ளூர்த் தேனீக்கும் எறும்புக்கும் காட்டுச் செடி அளவுக்கு இது உதவும் என்று நான் சொல்லமாட்டேன்.

லில்லி ஒஃப் த வாலி

பெயரில் லில்லி, குடும்பத்தில் அல்ல. நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம் இது. ஐரோப்பாவிலிருந்து வந்தது. மலிவு, மணம், எந்த இருட்டிலும் வளரும், நோர்வே மேப்பிளின் அடியிலும் பிடிக்கும். அத்தனையும் உண்மை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

வேர்த்தண்டு ஓடி ஓடி, மற்றச் செடி முளைக்க ஓர் அங்குலம் விடாமல் மூடும். வேலிக்கு அப்பால் பள்ளத்தாக்குக் காடு இருந்தால் அங்கும் இறங்கும். ஒன்ராறியோவில் ஆக்கிரமிப்புச் செடியாகவே இதைக் கணக்கிடுகிறார்கள். பின்னர் ஒழிக்க நினைத்தால் வருடக் கணக்கில் கிண்ட வேண்டும். அந்த உழைப்புத்தான் மலிவு விலைக்குப் பின்னால் இருக்கும் உண்மை விலை. இன்னும் பெரிய விஷயம்: செடி முழுவதும் நஞ்சு, இதயத்தைத் தாக்கும் வகை. கோடை கடைசியில் வரும் செந்நிறப் பழம் சிறு பிள்ளையின் கண்ணைப் பறிக்கும். பூவை வைத்த தண்ணீரும் ஆகாது.

ஒரே பார்வையில்

| | வெள்ளை ட்ரில்லியம் | ட்ரௌட் லில்லி | பகோடா | லில்லி ஒஃப் த வாலி |
|---|---|---|---|---|
| பிறப்பிடம் | ஒன்ராறியோக் காடு | ஒன்ராறியோக் காடு | கலிபோர்னிய இனங்களின் ஒட்டு | ஐரோப்பா |
| நட்டபின் பூ | வளர்ந்த செடி என்றால் அடுத்த வசந்தம். விதை என்றால் 7–10 வருடம் | பல வருடம் பிடிக்கலாம் | அடுத்த வசந்தம் | ஓரிரு வருடம் |
| இலை நிற்பது | கோடை நடுவரை | ஜூன் வரை | ஜூன் வரை | இலையுதிர் காலம் வரை |
| நோர்வே மேப்பிளடியில் | கடினம் | கடினம் | விளிம்பில் மட்டும் | வளரும் |
| முதல் செலவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| பின்வரும் செலவு | மான், பொறுமை | கோடை வெறுமை | கெட்ட கிழங்கு | ஒழிக்கும் உழைப்பு, நஞ்சு |

யாருக்கு எது

சொந்த வீடு, சர்க்கரை மேப்பிளோ ஓக்கோ நிற்கிறது, பத்து வருடமாவது இருப்பீர்கள் என்றால் ட்ரில்லியம். ஐந்து செடி போதும். மான் வரும் வளவென்றால் முதல் சில வருடம் கம்பி வலைக் கூண்டு போடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தாக்கோ காட்டு விளிம்போ இருந்து, சருகை வாராமல் விட மனமும் இருந்தால் ட்ரௌட் லில்லி. பூ குறைவு, இலைக்கம்பளம் அழகு என்று ஏற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. இரண்டையும் சேர்த்து நடலாம், காட்டில் அவை ஒன்றாகத்தான் நிற்கின்றன.

வாடகை வீடு, மூன்று வருடத்தில் மாறிவிடுவீர்கள், அல்லது வயதான அம்மா அப்பாவுக்கு அடுத்த வசந்தமே பூக் காட்ட வேண்டும் என்றால் பகோடா. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்பது வயதுக்காரரை ஏழு வருடம் காத்திருக்கச் சொல்வது சரியல்ல.

லில்லி ஒஃப் த வாலியைப் புதிதாக நட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வாங்கிய வீட்டில் ஏற்கனவே இருந்து, இருபுறமும் கொங்கிறீட் அடைத்த ஒடுங்கிய பட்டியில் நின்று, வீட்டில் குழந்தையும் பூனையும் இல்லை என்றால் மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

புதிதாகக் கட்டிய வீடு, மரமே இல்லை, புல்லுக்குக் கீழே இறுகிய களிமண் என்பவர்கள் இந்த நான்கையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் ஒரு சர்க்கரை மேப்பிளையோ ஓக்கையோ நடுங்கள். இலை விழ விழ மண் மாறும்.

எதை நட்டாலும் பக்கத்தில் ஒரு குச்சி குத்தி, பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். ஓகஸ்டில் அங்கே ஒன்றும் தெரியாது. நான் 2016 ஜூலையில் ஈரம் காயாத ட்ரில்லியம் விதை பத்துப் பன்னிரண்டைச் சருகுக்கடியில் போட்டு ஒரு குச்சி வைத்தேன். 2017இல் ஒன்றுமில்லை. 2018 மே மாதம் மூன்று ஒற்றை இலை, சுண்டுவிரல் நகம் அளவில். குச்சி உளுத்துப்போய் இரண்டு தரம் மாற்றிவிட்டேன். அந்த மூன்றில் இரண்டு இன்னும் இருக்கின்றன.